போஸ்ட் போட்டா யாருக்கும் தெரியலையா? மைக்ரோ பிளாக்கிங்க்கு புதுசா வந்தவங்க அறிகுறி பாத்து சரி பண்ற வழி

எக்ஸ் (பழைய ட்விட்டர்), மாஸ்டடான், ப்ளூஸ்கை, த்ரெட்ஸ்னு சின்ன சின்ன போஸ்ட் போடுற இந்த மைக்ரோ பிளாக்கிங் சைட்டுல எதையாவது இன்ஸ்டால் பண்ணிட்டு முழிச்சிட்டு இருக்கீங்கன்னா இத முழுசா வாசிக்க வேணாம், உங்களுக்கு என்ன கோளாறோ அந்த தலைப்புக்கு நேரா போயிருங்க. அதுக்கு முன்னாடி ரெண்டே விஷயம்.

ஒண்ணு, வேலை செய்யலன்னா அதே பட்டன திரும்ப திரும்ப அமுக்காதீங்க. இந்த சைட்டு எல்லாத்துலயும் ஸ்பாம் போடுற 'பாட்'ட (ஆள் இல்லாம தானா ஓடுற ப்ரோக்ராம்) புடிக்க ஒரு காவல் ஓடிட்டே இருக்கு, அது முக்கியமா பாக்குறது வேகத்ததான், படபடன்னு ஒரே வேலைய செய்றது யாரா இருந்தாலும் அதுக்கு 'பாட்'தான். புதுசா வந்தவங்க மாட்டிக்கிறதுல பாதி இதனாலயேதான்னு நான் சொல்லுவேன். ரெண்டாவது, உங்க போஸ்ட் வெளிய தெரியுதா இல்லையான்னு உங்க ஆப்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்களுக்கு உங்க போஸ்ட் எப்பவும் தெரியும். பிரவுசர்ல இன்காக்னிட்டோ திறந்து லாகின் பண்ணாம பாருங்க. எக்ஸ்ல மட்டும் லாகின் இல்லாம ப்ரொஃபைல் பக்கத்த பாத்தா புது போஸ்ட்ட வரிசையா காட்டாது, அதனால அந்த குறிப்பிட்ட போஸ்ட்டோட லிங்க காப்பி பண்ணி அத திறந்து பாக்கணும்.

ஓடிபி வரல, வந்தாலும் தப்புங்குது

நம்பர் போட்ட விதத்த முதல்ல பாருங்க. நாட்டு கோடுக்கு தனி பெட்டி இருக்கும், அத கவனிக்காம நம்பரோட சேத்து திரும்ப அதே கோட அடிச்சிருப்பீங்க, இல்லன்னா முன்னாடி ஒரு சைபர் போட்டிருப்பீங்க. அது சரின்னா ரெண்டு மூணு நிமிஷம் சும்மா இருங்க. ரீசெண்ட்ட அஞ்சு தடவ அமுக்குனா அஞ்சு ஓடிபி வரிசை மாறி வந்து விழும், பெரும்பாலும் கடைசியா கேட்டதுதான் செல்லும், எது கடைசின்னு தெரியாம பழசையே அடிச்சிட்டு இருப்பீங்க, கொஞ்ச நேரத்துல "பிறகு முயற்சிக்கவும்"னு கதவ சாத்திரும். ஈமெயில்ல வரணும்னா ஸ்பாம் ஃபோல்டர், ப்ரொமோஷன்ஸ் டேப் ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் கவலைப்படலாம்.

அத்தெண்டிகேட்டர் ஆப்ல வர்ற ஆறு இலக்க கோட் தப்புங்குதுன்னா அது வேற கேஸ். அந்த கோட் எங்கேருந்தும் வர்றதே இல்ல, போன்ல சேத்து வச்ச ஒரு ரகசிய சாவியையும் போனோட கடிகாரத்தையும் வச்சு 30 செகண்டுக்கு ஒரு தடவ போனே கணக்கு போட்டு காட்டுது. கடிகாரம் ஒரு ரெண்டு நிமிஷம் தள்ளி இருந்தாலே கணக்கு ஒத்துப்போகாது. செட்டிங்ஸ்ல தேதி நேரத்த ஆட்டோமேட்டிக்னு மாத்துங்க, அவ்வளவுதான். எக்ஸ்ல ரெண்டாம் கட்ட பாதுகாப்ப (பாஸ்வேர்டுக்கு அப்புறம் ஒரு கோடும் கேக்குறது) எஸ்எம்எஸ்ல வைக்க முடியலன்னா அது கோளாறு இல்ல, 2023 மார்ச்சுல இருந்து அது காசு கட்டுறவங்களுக்கு மட்டும்தான், மத்தவங்க அத்தெண்டிகேட்டர் ஆப் வச்சுக்கலாம், சொல்லப்போனா அதுதான் பாதுகாப்பும் கூட. அத வைக்கும்போது குடுக்குற பேக்கப் கோட போன்லயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்காதீங்க, போன் தொலைஞ்சா அதுவும் சேந்துதானே தொலையும்.

ஆரம்பிச்ச அன்னைக்கே அக்கவுண்ட் லாக்

ரெண்டு காரணம் அதிகமா வரும். முதலாவது பிறந்த தேதி. கடைக்கோ சங்கத்துக்கோ அக்கவுண்ட் ஆரம்பிக்கிறவங்க, பிறந்த தேதி கேட்டதும் கடை தொடங்குன தேதிய போட்ருவாங்க, சிஸ்டம் பாத்துட்டு "இது 13 வயசு ஆகாத குழந்தை"னு பூட்டிரும். நிர்வாகம் பண்ற ஆளோட பிறந்த தேதிய போடுங்க, அத யாருக்கும் காட்டாம மறைச்சு வைக்கிற வசதி இருக்கு. ஏற்கனவே பூட்டியாச்சுன்னா அப்பீல் ஃபார்ம்ல எழுதி, கேட்டா அடையாள ஆவணம் குடுத்துதான் மீட்கணும், புது அக்கவுண்ட் மேல புது அக்கவுண்ட்டா திறந்துட்டே போனா சந்தேகம் கூடத்தான் செய்யும்.

இன்னொண்ணு ஃபாலோ வெறி. எக்ஸ்ல சாதா அக்கவுண்ட்டுக்கு ஒரு நாளைக்கு 400 ஃபாலோன்னு வரம்பு இருக்கு, ஆனா ப்ரொஃபைல் படம் கூட இல்லாத புது அக்கவுண்ட் அத தொடணும்னு கூட அவசியம் இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே சந்தேகம் வந்துரும். முதல்ல படம், ரெண்டு வரி பயோ, அஞ்சாறு போஸ்ட், அப்புறம் நிதானமா ஆள் சேருங்க.

பேர தமிழ்ல போட விடமாட்டேங்குது

@ குறிக்கு அப்புறம் வர்ற யூசர்நேம் வேற, மேல பெருசா தெரியிற பேர் வேற. எக்ஸ்ல யூசர்நேம் ஆங்கில எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் மட்டும்தான், அதுவும் 15க்குள்ள. டிஸ்ப்ளே நேம்ல தாராளமா தமிழ்ல எழுதலாம். அவ்வளவுதான் இதுல.

பாஸ்வேர்டு சரிதான், ஆனா அப்படி ஒரு ஆளே இல்லங்குது

இப்படி கேக்குறவங்க பெரும்பாலும் மாஸ்டடான்காரங்க. 2016ல ஆய்கன் ரோஷ்கோ ஆரம்பிச்ச இது ஒரே சைட் கிடையாது, ஆயிரக்கணக்கான சர்வர் தனித்தனியா ஓடுது, ஆக்டிவிட்டிபப்ங்கிற பொது நெறிமுறைல ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. ஈமெயில் மாதிரியே உங்க முகவரியில பேரும் இருக்கும், சர்வரும் இருக்கும். ஒரு சர்வர்ல கணக்கு ஆரம்பிச்சிட்டு இன்னொரு சர்வர் பக்கத்துல போய் லாகின் பண்ணா அங்க உங்கள யாருக்கும் தெரியாதுதான். சேரும்போது வந்த கன்ஃபர்மேஷன் மெயில தேடுங்க, எந்த சர்வர்னு அதுல இருக்கும்.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். யாரோ அனுப்புன லிங்க அமுக்கி ஒருத்தரோட ப்ரொஃபைலுக்கு போறீங்க, ஃபாலோ அமுக்குனா "லாகின் பண்ணு"ங்குது, நான்தான் லாகின்ல இருக்கேனேன்னு கடுப்பாகுது. நீங்க இருக்கிறது அவரோட சர்வர் பக்கத்துல, உங்க லாகின் உங்க சர்வர்ல. அவரோட முழு முகவரிய காப்பி பண்ணி உங்க சர்வரோட தேடல் பெட்டில ஒட்டுங்க, அங்கேருந்து ஃபாலோ பண்ணுங்க. அப்படி பண்ணதும் அவர் பக்கத்துல பழைய போஸ்ட் ஒண்ணுமே இல்லாம வெறிச்சுனு இருக்கலாம், உங்க சர்வர்ல இருந்து அவர யாரும் இதுக்கு முன்னாடி ஃபாலோ பண்ணலன்னா பழசு எதுவும் இங்க வந்திருக்காது, இனிமே போடுறது வரும்.

டைம்லைன் காலி, இல்லன்னா முன்பின் தெரியாதவங்களா வர்றாங்க

எக்ஸ்லயும் த்ரெட்ஸ்லயும் "உங்களுக்காக"ங்கிற டேப்தான் முதல்ல திறக்கும், அதுல யார் வரணும்னு அவங்க அல்காரிதம் முடிவு பண்ணுது. பக்கத்துல இருக்கிற ஃபாலோயிங் டேபுக்கு போங்க, நீங்க தேர்ந்தெடுத்தவங்க மட்டும் வருவாங்க. மாஸ்டடான்ல கதை தலைகீழ், அங்க அப்படி அல்காரிதமே இல்ல, நீங்க யாரையும் ஃபாலோ பண்ணலன்னா ஹோம் மயான அமைதியா இருக்கும். அங்க ஆள விட ஹேஷ்டேக (# போட்ட வார்த்தை) ஃபாலோ பண்ணி ஆரம்பிக்கிறது நல்லது, உங்களுக்கு புடிச்ச விஷயம் நாலஞ்ச ஃபாலோ பண்ணா ஒரு வாரத்துல யார் உருப்படியா எழுதுறாங்கன்னு தெரிஞ்சிரும்.

போஸ்ட் போட்டேன், ஒரு ஈ காக்கா கூட பாக்கல

முதல் கேள்வி, அக்கவுண்ட்ல பூட்டு இருக்கா? பயத்துல செட்டிங்ஸ்ல ப்ரைவேட்னு போட்டுட்டு மறந்துருப்பாங்க. எக்ஸ்ல பூட்டு போட்ட அக்கவுண்ட்ல இருந்து நீங்க ஒரு பிரபலத்துக்கு ரிப்ளை போட்டா, அவர் உங்கள ஃபாலோ பண்ணாத வரைக்கும் அது அவர் கண்ணுக்கே போகாது, மாசக்கணக்குல பதில் போட்டு "யாரும் மதிக்க மாட்டேங்குறாங்க"னு மனசு ஒடைஞ்சு போறவங்க உண்டு. ஹேஷ்டேக் தேடல்லயும் வராது.

ரெண்டாவது, அது போஸ்ட்டா ரிப்ளையான்னு பாருங்க. இன்னொருத்தர் போஸ்ட்டுக்கு அடில போட்டது உங்க ப்ரொஃபைல்ல ரிப்ளைஸ்ங்கிற தனி டேப்ல போய் உக்காந்துரும், உங்க ஃபாலோயர்ஸ் டைம்லைனுக்கு அது தனி போஸ்ட் மாதிரி போகாது. நல்ல கருத்து எழுதுறீங்கன்னா அத தனி போஸ்ட்டா போடுங்க, இல்ல அவர் போஸ்ட்ட மேற்கோளா (கோட்) சேத்து போடுங்க.

மாஸ்டடான்னா போஸ்ட் பெட்டிக்கு பக்கத்துல இருக்கிற விசிபிலிட்டி ஐகான (யார் பாக்கலாம்னு சொல்றது) பாருங்க, பொதுன்னு இருக்கணும். பொதுவா இருந்தும் தேடல்ல வரலன்னா அதுவும் இயல்புதான், அங்க போஸ்ட்டுக்குள்ள இருக்கிற வார்த்தைய வச்சு தேடுறது நீங்க ப்ரொஃபைல் செட்டிங்ஸ்ல சம்மதம் குடுத்தா மட்டும்தான், அதுவும் 4.2 பதிப்புல, 2023லதான் வந்துச்சு. சம்மதம் குடுக்க இஷ்டம் இல்லன்னா ஹேஷ்டேக்தான் ஒரே வழி.

இது எல்லாம் சரியா இருந்து, இன்காக்னிட்டோலயும் தெரியுதுன்னா, போஸ்ட்ல கோளாறு எதுவும் இல்ல, ஃபாலோயர்ஸ் இல்ல, அவ்வளவுதான் விஷயம். உடனே ஷேடோபேன், அதாவது சைட்டே நம்மள சொல்லாம மறைக்குதுன்னு ஆரம்பிக்காதீங்க, பத்து ஃபாலோயர் உள்ள அக்கவுண்ட்ட மறைச்சு வைக்க யாரும் மெனக்கெட மாட்டாங்க. போய் மத்தவங்களுக்கு உருப்படியா பதில் போடுங்க, ஆள் வர்றது அந்த வழியாத்தான்.

ஹேஷ்டேக் பாதில அறுந்துருது, தேடுனா வேற எதுவோ வருது

எக்ஸ்லயும் மாஸ்டடான்லயும் டேக் நடுவுல ஸ்பேஸ், புள்ளி, ஹைஃபன், அபாஸ்ட்ராஃபி எது வந்தாலும் அங்கயே முடிஞ்சிரும், சேக்கணும்னா அண்டர்ஸ்கோர். # குறிக்கு முன்னாடி ஸ்பேஸ் விடாம முந்தின வார்த்தையோட ஒட்டுனா லிங்க்கே ஆகாது. வெறும் எண்ணும் ஆகாது, #2024னு போட்டா எக்ஸ்ல நீல நிறம் வராது. த்ரெட்ஸ்ல ஒரு போஸ்ட்டுக்கு ஒரு டேக்தான், பத்து போட்டுட்டு தேடாதீங்க.

தமிழ்ல எழுதுறவங்க மாட்டிக்கிறது வேற எடத்துல. வாக்கியத்துக்குள்ளயே டேக் போடுவோம், வேற்றுமை உருபும் சேந்து ஒட்டிக்கும். #புத்தகம் ஒரு டேக், #புத்தகத்துல வேற டேக், #புத்தகங்கள் இன்னொரு டேக், மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு கூட்டம், இதுல கடைசிக்கு முந்தினதுல நீங்க மட்டும் தனியா உக்காந்திருப்பீங்க. அதனால வாக்கியத்த இயல்பா எழுதிட்டு டேக தனியா கடைசி வரில, உருபு இல்லாம போடுங்க. போடுறதுக்கு முன்னாடி அந்த டேக தேடி பாத்தா ஆள் இருக்காங்களான்னும் தெரிஞ்சிரும்.

இன்னொரு மறைமுக வில்லன் ஔகாரம். மௌனம்னு எழுதுறப்ப ம பக்கத்துல ஒரே குறியா ௌ வரணும், நிறைய பேர் ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் தனித்தனியா அடிச்சு மெளனம்னு போட்ருவாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. ஔவையாருக்கும் இதே கதிதான், ஒ போட்டு பக்கத்துல ள போட்டா அந்த பாட்டிய தேடல்ல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. தேடியும் வரலன்னா பேக்ஸ்பேஸ் அமுக்கி பாருங்க, ள மட்டும் தனியா அழிஞ்சு கொம்பு மிச்சம் இருந்தா தப்பா அடிச்சிருக்கீங்க.

எழுத்து உடையுது

எங்கேருந்து காப்பி பண்ணீங்கன்னு யோசிங்க. ஒட்டுனதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா குப்பையா வந்தா அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது. அதுல உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் மட்டும் அது மேல தமிழ் வடிவத்த வரைஞ்சு காட்டும், ஃபான்ட் போனா வேஷம் கலைஞ்சிரும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஏதாவது ஒண்ணுல போட்டு யூனிகோடா (எல்லா கருவிக்கும் பொதுவான எழுத்து முறை) மாத்துங்க.

புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வந்து பக்கத்துல கொம்பு தொங்குனா அது பெரும்பாலும் பிடிஎஃப்ல இருந்து எடுத்தது. யூனிகோட்ல மெய் முதல்ல, கொம்பு பின்னாடி வரணும், பிடிஎஃப்ல கண்ணுக்கு தெரியிற வரிசைல கொம்பு முன்னாடி வந்துரும். நாலு வரின்னா கையால திருப்பி அடிச்சிருங்க, அதான் வேகம். வெறும் சதுரப் பெட்டியா வந்தா, பாக்குற கருவில தமிழ் ஃபான்ட் இல்ல, உங்க போஸ்ட்ல குத்தம் இல்ல.

உடையுதேன்னு தமிழ்ல எழுதுனத படமா எடுத்து போடுற பழக்கம் இருக்கு, வேணாம், தேடல்ல சிக்காது, பார்வை இல்லாதவங்க ஸ்க்ரீன் ரீடர் வச்சு கேக்கவும் முடியாது. படமாத்தான் போடணும்னா ஆல்ட் டெக்ஸ்ட்ல (படத்தோட சேத்து எழுதுற விவரம்) அதையே எழுதிருங்க, எக்ஸ்ல 1000 எழுத்து, மாஸ்டடான்ல வழக்கமா 1500 வரைக்கும் இடம் இருக்கு.

ஒரு போஸ்ட்டுக்கு 280 எழுத்துன்னு சொன்னாங்க, அதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு

எண்ணுற விதம் வேற. எக்ஸ்ல தமிழ் எழுத்த யூனிகோட் குறியா எண்ணுவாங்க, புள்ளிக்கு தனி கணக்கு, காலுக்கு தனி கணக்கு. வணக்கம்ங்கிறது நமக்கு அஞ்சு எழுத்து, அங்க ஏழு. எமோஜி ஒண்ணுக்கு ரெண்டு, லிங்க் எவ்வளவு நீளமா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் 23, அதனால லிங்க சுருக்குற சைட்டுக்கு போய் மெனக்கெடாதீங்க. ப்ளூஸ்கைல வரம்பு 300, ஆனா அங்க கண்ணுக்கு தெரியிற எழுத்ததான் எண்ணுறாங்க, வணக்கம்னா அஞ்சேதான். ஆக தமிழ்ல எழுதுறவங்களுக்கு 280க்கும் 300க்கும் நடுவுல உள்ள வித்தியாசம் வெறும் இருபது இல்ல, அதுக்கும் மேல. மாஸ்டடான் வழக்கமா 500, த்ரெட்ஸும் 500.

இந்த கஞ்சத்தனம் எங்கேருந்து வந்துச்சுன்னா எஸ்எம்எஸ்ல இருந்துதான், 2006ல ட்விட்டர் வந்தப்ப எஸ்எம்எஸ்க்கு 160 எழுத்து, யூசர்நேமுக்கு 20 ஒதுக்கிட்டு மிச்சம் 140. அது 280 ஆனது 2017 நவம்பர்ல. தமிழ் எஸ்எம்எஸ்க்கோ ஒண்ணுக்கு 70தான் கொள்ளும், அந்த காலத்துல தமிழ்ல ட்வீட் எஸ்எம்எஸ்ல அனுப்பணும்னா பாதிதான் போயிருக்கும்.

ஒண்ணுல அடங்காம தொடரா போட்டு வரிசை கலைஞ்சு போச்சுன்னா காரணம் ஒண்ணுதான், ஒவ்வொரு தடவையும் முதல் போஸ்ட்டுக்கே ரிப்ளை போட்டிருக்கீங்க, கடைசியா போட்டதுக்கு கீழதான் அடுத்தது போடணும். இன்னும் நல்லது, நோட்ஸ்ல மொத்தமா எழுதிட்டு, போஸ்ட் பெட்டிலயே பிளஸ் அமுக்கி எல்லாத்தையும் கோத்து ஒரே தடவைல விடுறது. எழுத்துப்பிழைய பாத்து திருத்தலாம்னு நம்பி போடாதீங்க, எக்ஸ்ல எடிட் காசு கட்டுனவங்களுக்கு மட்டும், த்ரெட்ஸ்ல கொஞ்ச நிமிஷம்தான் குடுப்பாங்க, மாஸ்டடான்ல மட்டும் தாராளம்.

தனியா அனுப்புனது மூணாவது ஆளுக்கு போயிருச்சு

மாஸ்டடான்ல தனிச்செய்திங்கிறது தனிப் பெட்டி இல்ல, "குறிப்பிட்டவங்க மட்டும்"னு விசிபிலிட்டி வச்ச ஒரு சாதா போஸ்ட்தான். அதுல யார் பேர @ போட்டு எழுதுறீங்களோ அவங்க எல்லாருக்கும் அது போகும். நண்பர்கிட்ட மூணாவது ஆள பத்தி புலம்பும்போது, யார்னு தெளிவா சொல்லணுமேன்னு அவர் முகவரிய முழுசா எழுதுனீங்கன்னா புலம்பல் நேரா அவர் கைக்கே போய் சேந்துரும். போனா போனதுதான், அழிச்சாலும் அவர் பாத்திருப்பார். பேர @ இல்லாம எழுதுங்க, உண்மையிலயே ரகசியம்னா சிக்னல் மாதிரி என்கிரிப்ஷன் உள்ள ஆப்ல பேசுங்க, ஏன்னா சர்வர் நிர்வாகி நெனச்சா மாஸ்டடான் தனிச்செய்திய வாசிக்க முடியும்.

நோட்டிஃபிகேஷன் வரல

ஆண்ட்ராய்டு 13ல இருந்து ஒவ்வொரு ஆப்பும் முதல்ல அனுமதி கேக்கும், அவசரத்துல வேணாம்னு அமுக்கியிருப்பீங்க. போன் செட்டிங்ஸ்ல ஆப்ப தேடி அனுமதிய ஆன் பண்ணுங்க, பேட்டரி சேமிப்புல இருந்தும் அந்த ஆப்ப விலக்கி வையுங்க. அப்புறமும் வரலன்னா ஆப்புக்கு உள்ள ஃபில்டர் இருக்கும், "உங்கள ஃபாலோ பண்ணாதவங்க", "புது அக்கவுண்ட்"னு டிக் போட்டு மியூட் பண்ணியிருந்தா அவங்க ரிப்ளை வந்தாலும் சத்தம் வராது.

நான் போடாத போஸ்ட் என் பேர்ல வருது

பாஸ்வேர்டு மாத்துறதோட நிறுத்திராதீங்க. "உங்க ப்ரொஃபைல யார் பாத்தாங்க"ங்கிற மாதிரி ஏதோ ஒரு விளையாட்டுக்கு லாகின் அனுமதி குடுத்திருப்பீங்க, அந்த ஆப்புக்கு தனி சாவி போயிருக்கும், பாஸ்வேர்டு மாத்துனாலும் அந்த சாவி செல்லிட்டே இருக்கலாம். செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள கனெக்டட் ஆப்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கும், தெரியாதது எல்லாத்துக்கும் குடுத்த அனுமதிய ரத்து (ரிவோக்) பண்ணுங்க. செஷன்ஸ்னு இன்னொண்ணு இருக்கும், அதுல மத்த எல்லா கருவிலயும் லாக் அவுட் குடுங்க. அதுக்கு அப்புறம் பாஸ்வேர்டு, அதுக்கும் அப்புறம் ரெண்டாம் கட்ட பாதுகாப்பு. பேய் போஸ்ட்ட அழிக்கிறது கடைசி வேலை, அதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. "காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்துல பாஸ்வேர்டு போடலன்னா அக்கவுண்ட் போயிரும்"னு தனிச்செய்தி (டிஎம்) வந்தா அதுல இருக்கிற லிங்க தொடாதீங்க, சந்தேகம்னா ஆப்ப நேரா திறந்து அங்க எதாவது நோட்டீஸ் இருக்கான்னு பாருங்க.

போதும்டா சாமி, வேற எடத்துக்கு போறேன்

போலாம், ஆனா வரிசை முக்கியம். முதல்ல ஆர்க்கைவ் (உங்க போஸ்ட் எல்லாத்தோட நகல்) கேட்டு வாங்குங்க, எக்ஸ்ல அது தயாராக ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், அது கைக்கு வர்றதுக்குள்ள டீஆக்டிவேட் அமுக்காதீங்க. அமுக்குனா 30 நாள் அவகாசம், அதுக்குள்ள லாகின் பண்ணா மீண்டு வரும், அப்புறம் வராது. வேற எடத்துக்கு போகாம இங்கயே இருக்கிறவங்களும் வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்க்கைவ் எடுத்து வைங்க, ஆர்குட் 2014லயும் கூகுள் ப்ளஸ் 2019லயும் இந்தியாவோட 'கூ' ஆப் 2024லயும் மூடிட்டு போயிருச்சு.

மாஸ்டடான்ல ஒரு சர்வர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறுனா ஃபாலோயர்ஸ் கூடவே வருவாங்க, எழுதுன போஸ்ட் வராது. நீங்க ஃபாலோ பண்றவங்க பட்டியல பழைய சர்வர்ல சிஎஸ்வி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி புதுசுல இம்போர்ட் பண்ணணும், அது தானா நடக்காது. புது அக்கவுண்ட்ல முதல்ல பழைய முகவரிய ஏலியாஸா (இதுவும் என்னோடதுதான்னு காட்டுற இன்னொரு பேர்) சேத்துட்டுதான் பழையதுல மூவ் குடுக்கணும், மாத்தி செஞ்சா எரர் வரும். பழைய அக்கவுண்ட்ட டெலீட் பண்ணாம அப்படியே விட்ருங்க, தேடி வர்றவங்களுக்கு அது புது முகவரிய காட்டிட்டு இருக்கும், அழிச்சிட்டா அந்த சர்வர்ல அதே பேர் உங்களுக்கே திரும்ப கெடைக்காது.